பக்தி என்று போட்டிருந்தால் போதுமா? ஐந்து வருடம் பிள்ளைகளோடு பார்த்ததும் கேட்டதும்

எண்ணெய்க் கொப்பரையிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டில் எல்லாம் மாறியது அங்கேதான்.

சின்னவன் பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு ஞாயிறு மதியம் நான் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்தில் டேப்லெட்டில் மாம்பழக் கதை ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையார் அம்மா அப்பாவைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொள்ளும் அந்தக் கார்ட்டூனை நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மணிச்சத்தம், சங்குச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. அது முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று தானாகவே ஓடி, கருட புராணத் தண்டனைகள் என்ற ஒரு கார்ட்டூனில் போய் நின்றிருக்கிறது. திருடியவனை எமகிங்கரர்கள் தூக்கிக் கொதிக்கும் கொப்பரையில் போடுகிறார்கள். அதற்கும் அதே சங்குச்சத்தம்தான்.

அன்று இரவு முதல் அவன் தனியாகப் படுக்கவில்லை. கழிவறைக்குப் போவதற்கும் அக்கா துணை வேண்டும். கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம், அத்தை திருநீறு பூசினார், என் கணவர் விளக்கைப் போட்டே தூங்கட்டும் என்றார். மூன்று வாரம் கழித்து ஒரு நாள் இருட்டில் கேட்டான்: "ம்மா, அழிப்பான் எடுத்தா எத்தனை நாள் எண்ணெயில போடுவாங்க?"

வகுப்புத் தோழனின் டைனோசர் அழிப்பான் அவனுடைய பென்சில் பெட்டிக்கு அடியில் இருந்தது. மறுநாளே திருப்பிக் கொடுத்தோம். அந்தப் பையன் அது தொலைந்ததையே கவனிக்கவில்லை.

என் தவறு எது என்று எனக்குத் தெரியும். சண்டைப் படம் என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். சாமி படம் என்றால் எழுந்து போய்விடுவேன். ஐந்து வருடமாக அப்படித்தான் செய்துவந்தேன்.

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாங்கள் பினாங்கின் பாயான் பாருவில் இந்த அடுக்குமாடி வீட்டுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, எனக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை. பெரியவள் பாலர் பள்ளி, சின்னவன் தவழ்ந்து முடித்து நடக்கிற வயது. கோவிலும் இல்லை, ஞாயிறு சமய வகுப்பும் இல்லை. சரி, கோவிலைத் திரைக்குள் கொண்டுவருவோம் என்று அத்தையும் நானும் முடிவெடுத்தோம். பிறகு பார்த்ததில் நினைவில் நிற்பதை மட்டும் சொல்கிறேன்.

அத்தை தேர்ந்தெடுத்தது ராமானந்த் சாகரின் ராமாயணத் தொடர். 1987இல் தூர்தர்ஷனில் வந்தது. அந்த ஊரடங்கு நேரத்தில் இந்தியாவில் மறுபடி ஒளிபரப்பினார்கள், அதைக் கேள்விப்பட்டதும் அத்தைக்கும் ஆசை வந்துவிட்டது. எழுபத்தெட்டுப் பகுதிகள். ஓர் அம்பு வில்லை விட்டுக் கிளம்பி எதிரியின் அம்பைச் சந்திப்பதற்குள் நான் ஒரு தேநீர் போட்டு வந்துவிடலாம். முதல் சுற்றில் பெரியவள் பாட்டியின் மடியில் தூங்கியேபோனாள். அவளுக்கு ஒன்பது வயதானபோது அத்தை இரண்டாம் சுற்று தொடங்கினார். இந்த முறை அவள் வேகத்தை ஒன்றரை மடங்காக்கிவிட்டு உட்கார்ந்தாள். "சாமி கதையை ஓட்டியா பார்ப்பாங்க?" என்று அத்தைக்குக் கோபம். ஆனால் அந்த வேகத்தில்தான் அவள் கடைசிவரை பார்த்தாள். சீதை நெருப்பில் இறங்கும் இடமும் வந்தது. உண்மையான சீதை அக்கினியிடம் பத்திரமாக இருந்தாள், இலங்கையில் இருந்தது நிழல் சீதை என்று தொடர் அதை மெத்தென்று ஆக்கிவிடுகிறது. கம்பனில் அந்த இடத்தில் ராமன் பேசும் சொல் நெருப்பைவிடச் சுடும். நான் வாயைத் திறக்கும் முன்பே பெரியவள், "நிழலா இருந்தாலும் அவங்களுக்கு வலிச்சிருக்குமில்ல?" என்றாள். அத்தை பதில் சொல்லவில்லை. இரவு சாப்பிடும்போது, "நானும் சின்ன வயசுல கேட்டேன். எங்கம்மா கரண்டியத் தூக்கினாங்க" என்றார். அத்தையைப் பற்றி அதுவரை எனக்குத் தெரியாத ஒன்று அது. அந்தத் தொடருக்கு என் மதிப்பெண் கொஞ்சம் கூடியதற்கு இதுவும் காரணம்.

படக்கதைப் புத்தகங்கள் வேறு ரகம். அமர் சித்திர கதா 1967இல் அனந்த் பை தொடங்கியது. தொலைக்காட்சி வினாடி வினாவில் கிரேக்கக் கடவுள்களைத் தெரிந்திருந்த பிள்ளைகளுக்கு ராமனின் தாய் பெயர் தெரியவில்லை, அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். என் மாமா சென்னை போகும்போதெல்லாம் எனக்கு வாங்கி வருவார், அந்தப் பழைய புத்தகக் கட்டை என் பிள்ளைகளுக்கும் கொடுத்தேன். படிக்க வைப்பதில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. திரையைவிடப் புத்தகத்தில் ஒரு வசதி உண்டு: பிள்ளை நினைத்த இடத்தில் நிற்கலாம், திரும்பிப் போகலாம். பெரியவள் அப்படி நின்ற ஓரிடத்தில்தான் எனக்கு வியர்த்தது. "அசுரங்க மட்டும் ஏன்மா நம்ம கலர்ல இருக்காங்க?" இந்தப் படக்கதைகளில் தேவர்கள் சிவப்பாகவோ நீலமாகவோ, அசுரர்கள் கறுப்பாகவோ இருப்பதைப் பற்றி ஆய்வாளர்கள் எப்போதோ எழுதிவிட்டார்கள். எனக்கு அது ஒரு கட்டுரைச் செய்தியாகத்தான் இருந்தது. என் மகள் தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அப்படி இல்லை. புத்தகத்தைத் தூக்கிப் போடவில்லை. "வரைஞ்சவங்க தப்பு" என்று சொல்லி அவளிடம் வண்ணப் பென்சில்களைக் கொடுத்தேன். இப்போது எங்கள் வீட்டுப் பிரதியில் இந்திரன் நல்ல காப்பி நிறம்.

ஒரு சந்தாச் செயலியும் வைத்திருந்தோம். பெயர் வேண்டாம். மாதம் 20 வெள்ளி (ரிங்கிட்), இரண்டு வருடம் கட்டினேன். படம் பளபளவென்று இருக்கும். ஒவ்வொரு கதையும் முடிந்ததும் மணி அடித்து ஒரு பெண் குரல், "இக்கதை நமக்கு உணர்த்தும் நீதி" என்று ஆரம்பிக்கும். பாதிக் கதைகளுக்கு ஒரே நீதிதான்: பெரியோர் சொல் கேட்க வேண்டும். சின்னவன் அந்தக் குரலுக்கு முன்பாகவே சொல்லிவிட்டு ஓடிவிடுவான். ஒரு நாள் பிரகலாதன் கதைக்கும் அதே நீதியைப் போட்டார்கள். பெரியவள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தாள். அப்பன் சொல் கேட்காததுதானே அந்தக் கதையே!

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். நம் கதைகளில் சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை யார்? பழம் கிடைக்கவில்லை என்று முருகன் கோபித்துக்கொண்டு மலையேறிவிட்டார். அப்பாவுக்கே பாடம் சொன்னவர் அவர். மார்க்கண்டேயன் எமன் வந்த பிறகும் லிங்கத்தை விடமாட்டேன் என்றவன். நசிகேதன் கேள்வி கேட்டே அப்பாவின் பொறுமையைச் சோதித்தவன். ராமர் ஒருவர்தான் தேறுவார் போலிருக்கிறது. இவ்வளவு பிடிவாதக்காரப் பிள்ளைகள் நிறைந்த கதைகளை எடுத்து, தலைசீவி, பவுடர் போட்டு, வரிசையில் நிற்க வைத்துவிடுகிறார்கள். பெற்றோரின் கையில் ஒரு தடியைக் கொடுக்கத்தான் இந்தச் செயலிகள் செய்யப்படுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது, அதற்குச் சந்தா கட்டுபவர்களும் நாம்தானே. நிறுத்துவதும் எளிதாக இல்லை. கார்டிலிருந்து மேலும் இரண்டு மாதம் பணம் போன பிறகுதான் நின்றது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி கத்தோலிக்கர். ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்களையும் கூட்டிப் போவார். மெழுகுவர்த்தி ஏற்றுபவர்களில் பொட்டு வைத்தவர்கள் எத்தனை பேர் என்று சின்னவன் எண்ணுவான். அவர் வீட்டில்தான் மோசேயின் கதையைச் சொல்லும் 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தை டிவிடியில் பார்த்தோம். 1998இல் வந்த படம். இறைத்தூதரைப் படமாகக் காட்டுவது இஸ்லாத்தில் ஆகாது என்பதால் அப்போது மலேசியாவில் அதற்குத் தடை. எனக்கு அந்தச் செய்தி லேசாக நினைவிருந்தது, படம் எப்படி என்று மட்டும் தெரியாது.

இந்த ஐந்து வருடத்தில் நான் பார்த்தவற்றில் இதுதான் முதலிடம். என் சாமி படமில்லை, ஆனாலும் முதலிடம். ஒன்றாக வளர்ந்த இருவர் எதிரெதிரே நிற்க நேர்வதை அது ஒளிக்கவில்லை. வில்லனுக்கும் ஒரு துக்கம் இருக்கிறது. நைல் நதியில் கூடை மிதந்ததுமே பெரியவள், "கிருஷ்ணரையும் கூடையிலதான தூக்கிட்டுப் போனாங்க" என்றாள். கர்ணனை ஆற்றில் விட்டதை ஆன்ட்டியிடம் நான் சொல்ல, அவர் ரிமோட்டில் நிறுத்திவிட்டு முழுக்கதையும் கேட்டார். மூன்று பிள்ளைகள், மூன்று ஆறுகள். எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகும் காட்சியில் சின்னவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். "அந்தப் பிள்ளைங்க என்ன தப்பு செஞ்சாங்க?" என்னிடமும் ஆன்ட்டியிடமும் பதில் இல்லை. படமும் மணி அடித்து நீதி சொல்லவில்லை, இசை அடங்கி அமைதியாகிவிடுகிறது. இந்தக் கேள்வியோடு அவன் நன்றாகத் தூங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும். நான் பக்கத்தில் இருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

மலாய் கார்ட்டூன்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது பினாங்கில் எழுதியது ஆகாது. 'உப்பின் இப்பின்' 2007இல் நோன்பு மாதத்தை ஒட்டி, பிள்ளைகளுக்கு நோன்பைச் சொல்லத் தொடங்கியது. தாய் தகப்பன் இல்லாத இரட்டையர், பாட்டி, அக்கா, கம்பத்து (கிராமத்து) வீடு. பசி தாங்காமல் தவிக்கிற பிள்ளைகளை வைத்தே நோன்பைக் காட்டுகிறார்கள். அவர்களுடைய கம்பத்தில் முத்து அங்கிளும் ராஜூவும் இருக்கிறார்கள். 'ஓமார் ஹானா' பாட்டுகள் சின்னவனுக்கு மனப்பாடம், இஸ்லாமியப் பிள்ளைகளுக்கென்றே எடுத்தது. அத்தைக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சாப்பிடும் முன் கைகழுவ ஓடுகிறான் என்றதும் விட்டுவிட்டார். எனக்கு இதில் சின்னப் பொறாமைதான். அவர்களுடைய பக்தி சமையலறையில், அக்காவின் திட்டுக்கு நடுவே நடக்கிறது. எங்களுக்குக் கிடைப்பதில் சாமி எப்போதும் மேகத்தின் மேல் நிற்கிறார். தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் லெபோ பினாங்கிலிருந்து கிளம்பும்போது உடைக்கத் தேங்காய்களை அடுக்கி வைத்துக் காத்திருக்கிற பிள்ளை, தண்ணீர்ப் பந்தலில் வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோவிலின் ஐந்நூற்றுச் சொச்சப் படியில் பாதியில் உட்கார்ந்துவிடுகிற பிள்ளை: இப்படி ஒரு கார்ட்டூன் என் கண்ணில் படவே இல்லை. அந்த ரதம் 1894 முதல் ஓடுகிறது. கதைக்கா பஞ்சம்!

தன்னம்பிக்கைக் காணொளிகள் பற்றி இரண்டே வரி. ஏழைத் தாய், சோக வயலின், கடைசியில் பெரிய கார். பெரியவள் ஒன்றைப் பார்த்துவிட்டு, "கார் வாங்கலன்னா அந்த அம்மா கஷ்டப்பட்டது வீணா?" என்றாள். குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வருவதை இப்போது நான் திறப்பதே இல்லை.

கொப்பரைக்குப் பிறகு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். டேப்லெட்டில் தானாக அடுத்தது ஓடுவதை நிறுத்தினோம், நான் பார்த்துச் சேர்த்தவை மட்டும் தெரியும்படி வைத்தோம். அதற்கு ஒரு மாலை போதும், ஐந்து வருடம் முன்பே செய்திருக்கலாம். ஆனால் பயத்தை இறக்கியது அது இல்லை. அத்தையிடம் பழைய வானொலி மாதிரி ஒரு பாட்டுப்பெட்டி உண்டு. இரவில் அதில் கந்த சஷ்டி கவசம் போடுவார். கண், காது, மூக்கு, பல், நாக்கு என்று உடம்பின் ஒவ்வோர் உறுப்பையும் வேல் காக்கட்டும் என்று வரிசையாக வரும். சின்னவன் படுத்தபடியே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவான். பிறகு பேய், பூதம், புலி, நரி, தேள், பாம்பு எல்லாம் ஓடுகிற பட்டியல். "எண்ணெய்ச் சட்டியும் ஓடுமா பாட்டி?" என்று கேட்டான். "அதுதான் முதல்ல ஓடும்" என்றார் அத்தை, ஒரு நொடிகூடத் தயங்காமல்.

எனக்கு இதில் முழுத் திருப்தி என்று சொல்லமாட்டேன். பேயைச் சொல்லித்தான் இந்தப் பாட்டும் பேயை ஓட்டுகிறது. கார்ட்டூன் ஏற்றிய பயத்தைப் பாட்டு இறக்கியதா, இல்லை இருட்டில் பாட்டியின் கை முதுகில் இருந்ததா என்று என் கணவர் கேட்டார். தெரியாது. படம் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். கொப்பரையை அவனுக்கு யாரோ வரைந்து கொடுத்துவிட்டார்கள், வேலாயுதத்தை அவனே வரைந்துகொண்டான்.

இப்போது டேப்லெட்டில் பதினோரு காணொளிகள்தான் இருக்கின்றன. மாம்பழக் கதையும் உண்டு. போன வாரம் தூக்கக் கலக்கத்தில் சின்னவன், கவசத்தை அக்கா மாதிரி ஒன்றரை மடங்கு வேகத்தில் போடச் சொன்னான். அத்தை பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல அந்தப் பட்டன் இல்லைடா" என்றார். குரலில் நல்ல சந்தோஷம்.