பிரஷ் கட்டர் பழுது பார்க்கக் கொடுப்பவர்களுக்கு: 3,850 ரூபாய் போனது எனக்கு

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். விவசாயக் கருவிகளை விற்பதோடு பழுதும் பார்க்கும் ஒரு கடையில் 3,850 ரூபாயைத் தொலைத்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்யும் கடைகள் வேறு ஊர்களிலும் இருக்கும்.

புல் வெட்டும் டூ ஸ்ட்ரோக் இயந்திரம் அது. சோக் போட்டு, அதாவது உள்ளே போகும் காற்றைக் குறைத்து, இழுத்தால் கிளம்பும். சோக்கை எடுத்ததும் ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றுவிடும். கடையில் மெக்கானிக், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றி, அதற்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வை எடுத்து என் உள்ளங்கையிலேயே வைத்து, "பாருங்கண்ணா, எப்படி வெறச்சுப்போச்சுன்னு. சவ்வு மாத்துற ரிப்பேர் கிட் போட்டாலும் நிக்காதுங்க, முழுசா மாத்தீருங்க" என்றார். பாகத்தைக் கையில் கொடுத்துப் பேசுகிறவரை நம்பாமல் என்ன செய்வது? கார்புரேட்டருக்கு 3,100, கூலி 750 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்.

தோப்புக்குக் கொண்டுவந்து இழுத்தால், அதே கத்தல், அதே நிற்றல். திரும்பக் கொண்டுபோனபோது பெட்ரோல் சரியில்லை என்றார்கள். பிறகு, பெட்ரோலில் ஆயில் கலந்த அளவு தப்பு என்றார்கள். அதன் பிறகு மெக்கானிக் விடுப்பு. கடைசியில் முதலாளியே, "கார்புரேட்டருக்கெல்லாம் வாரண்டி கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொண்டார்.

பக்கத்துத் தோப்பில் புல் வெட்ட வரும் தம்பிதான் உண்மையைக் காட்டினார். கார்புரேட்டரின் அடியில் இருக்கும் பிரைமர் குமிழை அமுக்கினால், டேங்கிலிருந்து பெட்ரோல் இழுக்கப்பட்டு, கார்புரேட்டர் வழியாக வந்து, ரிட்டர்ன் குழாயில் டேங்குக்கே திரும்ப வேண்டும். முதலில் வரும் காற்றுக் குமிழிகள் சில அமுக்கலில் நின்றுவிட வேண்டும். என் இயந்திரத்தில் அவை நிற்கவே இல்லை. டேங்கின் ரப்பர் வளையத்துக்குள் நுழையும் இடத்தில் குழாயை அவர் லேசாக வளைத்தபோது, மயிரிழை அளவுக்கு ஒரு வெடிப்பு வாய் திறந்தது. பெட்ரோலோடு காற்றையும் உறிஞ்சிய குழாய்க்காகப் புதுக் கார்புரேட்டரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்! குழாயும் டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டரும் சேர்ந்து 120 ரூபாய்தான். மாற்றியதும் ஓடியது. இப்படிக் காற்று கலந்து ஓட்டியிருந்தால் பிஸ்டனே சூடேறி இறுகிப் பிடித்திருக்கும் என்றார் தம்பி. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதானே போகிறது, பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும்.

விவரமாக எழுதத்தான் நினைத்தேன், பொறுமை இல்லை. கார்புரேட்டரைத் தொட விடுவதற்கு முன் குமிழை அமுக்கிப் பாருங்கள். அமுக்கிய குமிழ் எழும்பாமல் ஒட்டிக்கிடந்தால் ஃபில்டரோ உறிஞ்சும் குழாயோ அடைத்திருக்கும். சிறிது நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடினால் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் கெடுகிறது, ஆகவே வேலை இல்லாத மாதங்களில் டேங்கைக் காலி செய்து வையுங்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என்னுடையதைக் கேட்டதற்குப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யப்போகிறேன், ஆனால் 3,850 ரூபாய்க்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்றான அந்தத் துண்டுச் சீட்டில் கடையின் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை.