போஸ்ட்கிரெஸ்காரர்களுக்கு ஒரு வரி நிவாரணம்: இஎஃப் கோர் நேமிங் கன்வென்ஷன்ஸ்

சி ஷார்ப்பில் கிளாஸ், பிராப்பர்ட்டி பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவது வழக்கம், என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (சி ஷார்ப் கோடை டேட்டாபேஸுடன் இணைக்கும் லைப்ரரி, சுருக்கமாக இஎஃப் கோர்) அதே பெயர்களை அப்படியே டேபிளுக்கும் அதன் காலத்துக்கும் (column) வைத்துவிடும். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் இது பிரச்சினையே இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில்தான் தலைவலி, ஏனென்றால் மேற்கோள் குறி இல்லாத பெயரை அது சின்ன எழுத்தாக்கித்தான் தேடும், அதனால் கையால் ஒரு குவெரி எழுதினாலும் ஒவ்வொரு பெயருக்கும் இரட்டை மேற்கோள் போட்டாக வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் டூடேபிள், ஹேஸ்காலம்நேம் என்று பெயரைக் கையால் வைக்கும் மெத்தட்களை எழுதலாம், ஆனால் நாற்பது டேபிளுக்கு யார் எழுதுவது? இஎஃப் கோர் நேமிங் கன்வென்ஷன்ஸ் என்ற இந்த இலவச நியூகெட் (டாட்நெட் லைப்ரரிகள் கிடைக்கும் இடம்) பேக்கேஜைச் சேர்த்து, போஸ்ட்கிரெஸை இணைக்கும் யூஸ்என்பிஜிஎஸ்கியூஎல் வரிக்குப் பக்கத்தில் ஸ்நேக் கேஸ் (சின்ன எழுத்தும் அடிக்கோடும் கொண்ட பெயர்முறை) என்று ஒரு வரி போட்டால் போதும். டேபிள், காலம் மட்டுமல்ல, பிரைமரி கீ, ஃபாரின் கீ, இண்டெக்ஸ் பெயர்கள்கூட மாறிவிடும், இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

நீங்களே வெளிப்படையாக வைத்த பெயரை அது தொடாது. நல்லதுதான், ஆனால் பயனர் கணக்கு, லாகினைக் கவனிக்கும் ஏஎஸ்பி டாட்நெட் ஐடென்டிட்டி தன் டேபிள் பெயர்களை அப்படித்தான் வைக்கிறது, அதனால் அவை மட்டும் பழைய பெரிய எழுத்திலேயே நின்று கண்ணை உறுத்தும், அவற்றை நீங்கள்தான் தனியாக மாற்ற வேண்டும்.

புது புராஜெக்ட்டா, முதல் மைக்ரேஷனுக்கு (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஃபைல்) முன்பே போட்டுவிடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் சேர்த்தால் அடுத்த மைக்ரேஷன் எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றும், பிரைமரி கீயை நீக்கி மறுபடி உருவாக்கும். அந்த ஃபைலை வரிவரியாகப் படிக்காமல் புரொடக்‌ஷனில் ஓட்டாதீர்கள்.

ஐந்துக்கு நாலரை.