தண்ணீரில் ஊறிய பேஸ் கிட்டார்: சரிசெய்து சில வருஷம் வாசித்த பிறகு

என்னிடம் இருப்பது நான்கு கம்பி பேஸ். 1957-இல் ஃபெண்டர் பிரசிஷன் பேஸுக்கு வந்த வடிவத்தைப் பார்த்துச் செய்த விலை மலிவான நகல். நண்பர் வீட்டில் மழைத்தண்ணீர் புகுந்தபோது கட்டிலுக்கடியில் கிடந்து ஊறியது. கம்பி, கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜ், விரல் அழுத்தும் இடத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் பட்டைகள் எல்லாம் துரு. ஆம்பில் (ஒலிபெருக்கியில்) சொருகினால் ஒரே ஹம் இரைச்சல். நெக்கும் (கழுத்தும்) வில்லாக வளைந்திருந்தது.

இப்படி ஒன்று கைக்கு வந்தால் முதலில் நெக்கைத்தான் பாருங்கள். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். பாடிப் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுருதிச் சாவிகள் இருக்கும் ஹெட்ஸ்டாக் வரை நோட்டம் விடுங்கள். முன்பக்கமாக வளைந்திருந்தால் பயமில்லை, நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டு அதை நிமிர்த்தத்தான் இருக்கிறது. கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் நான் தொடமாட்டேன். என்னுடையது வளைவு மட்டும்தான்.

கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஆலன் கீயால் ராடைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, மறுபடி சுருதி சேர்த்து, ஒரு நாள் அப்படியே விட்டேன். அப்புறம்தான் அடுத்த கால் சுற்று. நான்கு கம்பியும் சேர்ந்து ஏறத்தாழ 70–80 கிலோ விசையில் இழுக்கின்றன, மரம் அதற்கு இணங்கி நிற்க நேரம் கொடுத்தே ஆகணும். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், கம்பிக்கும் 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

நெக்கைப் பாடியோடு பிடிக்கும் நான்கு திருகில் இரண்டு வெறுமனே சுற்றின. பல்குச்சி வைத்துச் சமாளிக்கலாமா என்று எங்கள் தெரு ஆசாரியிடம் கேட்டேன். "அதெல்லாம் வேணாம் தம்பி, ரெண்டு மாசத்துல ஆடும். ஓட்டையப் பெருசாக்கி, கெட்டி மரக்குச்சி அடிச்சு, புதுசா துளை போடுவோம்" என்றார். அவர் போட்ட துளையில் திருகு இன்றுவரை அசையவில்லை. நீண்ட நேரம் நீடிக்கும் கீழ் ஸ்வரங்களைக் கேட்கும்போதெல்லாம் அவர் கைவேலைக்கு மனசார நன்றி சொல்கிறேன்.

ஹம் விஷயத்தில் ஒரு சோதனை போதும். ஆம்ப் ஒயரைச் சொருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் ஹம் குறைகிறது, கம்பியைத் தொட்டால் மாற்றமே இல்லை என்றால், பிரிட்ஜுக்கு அடியில் போகும் கிரவுண்ட் ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அதேதான். துருவில் பொடிந்து போயிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் குமிழ்களுக்கு 250 கே (கிலோ ஓம்) பாட் இரண்டும், 473 என்று அச்சிட்ட 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் வாங்கி சால்டர் செய்தேன். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பழையதேதான், நன்றாக இருக்கிறது.

ஃப்ரெட் துருவுக்கு மிக நைசான ஸ்டீல் உல் (இரும்பு நார்). அதற்கு முன் பிக்கப்பை டேப்பால் முழுசாக மூடிவிடுங்கள், இரும்புத்தூள் காந்தத்தில் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. பெயின்ட்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்கச் சொன்னவர்கள் உண்டு. வாசிப்பதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை, விட்டுவிட்டேன்.

செலவில் பாதிக்கு மேல் புதுக் கம்பிக்கும் பிரிட்ஜுக்கும் போனது. ஐப்பசி மழையில் நெக் சற்று அசையும், ராடை ஒரு சின்னத் திருப்பு திருப்பினால் சரியாகிவிடும். ஜி கம்பியின் மெஷின் ஹெட் (சுருதிச் சாவி) மட்டும் இன்னும் இறுக்கமாகச் சுற்றுகிறது. சுருதி நிற்பதால் மாற்றவில்லை. மெல்லிசைக் கச்சேரிகளுக்கு இதைத்தான் கொண்டுபோகிறேன்.