வீட்டு வாசலில் நின்று 'இல்லை' கேட்க வைக்காத சேவை

எங்கள் அலுவலகம் சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில் இருக்கிறது. மனிதவளப் பிரிவில் எனக்கு இது பதினேழாவது ஆண்டு. வெளிநாட்டிலிருந்து வரும் ஊழியர்களின் ஈபி (வேலை அனுமதி அட்டை), விமானச் சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். வீடு மட்டும் அவரவர் பாடு என்று விட்டிருந்தோம். அது எவ்வளவு பெரிய தவறு என்று 2022இல் தெரிந்தது. பிறகு நாங்கள் அமர்த்திய, வீடு தேடித் தரும் ஒரு சேவையைப் பற்றித்தான் இந்த விமர்சனம்.

அந்த ஓராண்டில் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது, நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கணக்கு இது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் வாடகையும் கூடவே ஏறியது. அப்போது கோவையிலிருந்து வந்த பொறியாளர் ஒருவர், மனைவி, ஐந்து வயது மகளோடு ஒன்பது வீடு பார்த்தார். தெம்பனிஸில் ஒரு வீட்டு வாசலில் மூவரும் செருப்பைக் கழற்றிய பிறகு, "ஓனருக்கு இந்தியர்கள் வேண்டாமாம், சமையல் வாசனை வருமாம்" என்று ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் பொறியாளரின் மனைவி என்னை அழைத்து, "அக்கா, நாங்க அப்படி என்ன தப்பு செஞ்சோம்?" என்று கேட்டார். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதோடும் முடியவில்லை. ஒருவழியாக ஓர் உரிமையாளர் சம்மதித்து, எல்ஓஐ (வாடகைக்கு எடுக்கும் விருப்பக் கடிதம்) கையெழுத்தாகி, முன்பணமும் கொடுத்தபின் வீவக அனுமதி கிடைக்கவில்லை. மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு முழு வீட்டை வாடகைக்கு விட ஒரு வரம்பு உண்டு: அக்கம்பக்கத்து வீடுகளில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில், அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், 11 விழுக்காடு. அந்த புளோக்கில் அது நிரம்பியிருந்தது. பணம் திரும்பி வந்தது, ஆனால் ஒன்பது நாள் போய்விட்டது.

போன ஆண்டு மதுரையிலிருந்து இன்னொரு குடும்பம் வந்தபோது, குடியேறுவோருக்கு வீடு தேடித் தரும் சேவை ஒன்றை நிறுவனச் செலவில் அமர்த்தச் சொல்லி மேலிடத்தில் போராடி வாங்கினேன். கட்டணம் ஏறக்குறைய அரை மாத வாடகை. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் சேவையின் பெயரை எழுதவில்லை.

எங்களுக்கு ஒதுக்கப்பட்டவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு சீன அம்மா. குடும்பம் விமானம் ஏறுவதற்கு மூன்று வாரம் முன்பே வீடியோவில் பேசினார். வாடகை எவ்வளவு தாங்கும் என்று முதலில் கேட்பார் என நினைத்தேன். அவர் கேட்டது சமையல். தினமும் மூன்று வேளையும் சமைப்பீர்களா, தாளிப்பு உண்டா, மாவரைக்க கிரைண்டர் கொண்டு வருவீர்களா, ஊரிலிருந்து அம்மா வந்தால் எத்தனை மாதம் தங்குவார். கொண்டோக்களில் (தனியார் அடுக்குமாடி வீடுகளில்) கூடத்தோடு ஒட்டிய திறந்த சமையலறைதான் அதிகம், உங்களுக்குக் கதவும் ஜன்னலும் உள்ள சமையலறைதான் சரிப்படும் என்று அவரே முடிவும் சொன்னார்.

அதன்பின் அவர் செய்த வேலைக்காகத்தான் இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன். பதினான்கு வீடுகளின் ஏஜெண்டுகளுக்கும் ஒரே செய்தி அனுப்பினார்: தமிழ்க் குடும்பம், ஒரு குழந்தை, தினமும் சமைப்பார்கள், இரண்டு வருட ஒப்பந்தம், சம்மதமா? எட்டுப் பேர் ஏதேதோ காரணம் சொல்லி விலகினார்கள். மீதி ஆறு புளோக்குகளிலும் வரம்பு நிரம்பிவிட்டதா என்று வீவக இணையச் சேவையில் பார்த்தார். ஒன்று கழிந்தது. ஐந்து வீடுகளை மட்டும் குடும்பத்துக்குக் காட்டினார். அந்த எட்டு மறுப்புகளும் அவருடைய கைப்பேசியோடு நின்றுவிட்டன. யாருடைய பிள்ளையும் வாசலில் நின்று அதைக் கேட்கவில்லை. மறுத்தவர்கள் திருந்திவிடவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் வந்த முதல் வாரத்திலேயே அந்த அடியை வாங்காமல் ஒரு குடும்பம் இங்கே காலூன்ற முடிந்தது.

இரண்டாவது நாளே சீமெய் வட்டாரத்தில் ஒரு நாலறை வீடு பிடித்துப்போனது, மாதம் 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). முதல் மாத வாடகையும் இரண்டு மாத டெபாசிட்டும் சேர்ந்தால் 10,200 வெள்ளி. இரண்டு வருட மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு முத்திரைத் தீர்வை, அது 326 வெள்ளி, வரித்துறையான ஐராஸுக்குக் கட்ட வேண்டும். முதல் சம்பளமே வாங்காதவர் இதற்கு எங்கே போவார்? சேவைக்காரர்கள் தொகையை முன்கூட்டியே எழுதி அனுப்பியதால் நிறுவனத்திடம் சொல்லி முன்பணம் கொடுக்க முடிந்தது. என்னைப் போன்ற வேலையில் இருப்பவர்கள் இதை ஊழியர் கேட்கும்வரை விட்டுவைக்காதீர்கள். புதிதாக வந்தவர் கேட்கக் கூச்சப்படுவார்.

ஒப்பந்தத்தையும் அந்த அம்மா வரிவரியாகப் படித்தார். வேலை போனாலோ ஊர் மாறினாலோ பன்னிரண்டு மாதத்துக்குப்பின் இரண்டு மாத அறிவிப்போடு வெளியேறலாம் என்பதுதான் இங்கே வழக்கமான டிப்ளமேட்டிக் கிளாஸ். இந்த ஒப்பந்தத்தில் வேலை போவது பற்றிய வரியே இல்லை. சேர்க்க வைத்தார். ஏஜெண்டின் பெயரையும் எண்ணையும், வீட்டு ஏஜெண்டுகளை முறைப்படுத்தும் அரசு அமைப்பான சிஇஏவின் பதிவேட்டில் சரிபார்த்தார். வீவக வீட்டு வாடகைப் பணத்தை ஏஜெண்ட் கையில் கொடுக்கக் கூடாது, உரிமையாளரின் கணக்குக்கே அனுப்புங்கள் என்று இரண்டு முறை சொன்னார்.

குறைகள் உண்டு. சேவை ஏற்பாடு செய்யும் தற்காலிகத் தங்கல் பதினான்கு நாள்தான். வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைந்தும், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்குக் குறைந்தும் வாடகைக்கு விட முடியாது. ஆகவே இடையில் தங்க ஹோட்டலையோ சர்வீஸ் அபார்ட்மெண்டையோ விட்டால் வழியில்லை. எங்களுக்குப் பன்னிரண்டாம் நாள் சாவி கிடைத்தது. எல்லாருக்கும் அப்படி அமையாது.

சாவி கொடுத்து இரண்டு வாரத்தில் சேவையும் முடிந்துவிடுகிறது. மூன்றாவது வாரம் ஏர்கானில் தண்ணீர் சொட்டியது. உரிமையாளர், பழுதுச் செலவில் முதல் 200 வெள்ளி வாடகைக்காரர் பொறுப்பு என்றார். குடியேறிய நாளே இருந்த பழுதுக்கு அது பொருந்துமா என்று வாதாட அந்த அம்மா இல்லை, நான்தான் பேசினேன். பிள்ளையின் பள்ளி விஷயத்தில் ஒரு துண்டுப் பிரசுரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

என்னை அதிகம் வருத்தியது வேறு. தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் நாட்டில், அந்தச் சேவையில் தமிழ் பேச ஒருவர்கூட இல்லை. வீட்டில் நாள் முழுதும் இருக்கப்போகிறவர் அந்த மனைவி. அவருக்கு ஆங்கிலம் தயக்கம். ஒவ்வோர் அழைப்பிலும் நான் உட்கார்ந்து சொல்லித் தந்தபிறகுதான், "அக்கா, துணி காயப்போட வெயில் படுற பக்கம் இருக்கான்னு கேளுங்க" என்று வாய் திறந்தார். அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியால் ஐந்தில் இரண்டு வீடுகள் கழிந்தன.

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. அதே சேவையைத்தான் கேட்டிருக்கிறேன், அதே அம்மா வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன். சாவி கொடுத்த பின் முப்பது நாள் உதவி, அழைப்புகளில் தமிழ் தெரிந்த ஒருவர். இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால்தான் கையெழுத்திடுவேன்.