ஒன்றிப்பைத் தேடி நடக்க எந்தப் பாதை: கெர்லிட்ஸா, ஓஸ்லோவா, செலோங்கரா?

அம்மா கத்தோலிக்கம், அப்பா சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே வீட்டிலிருந்து இரண்டு கோயிலுக்குக் கிளம்புகிற குடும்பம் எங்களுடையது. அம்மா திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்கும்போது அப்பா அங்கே இருந்ததில்லை, அப்பா திருவிருந்தில் சேரும்போது அம்மாவும் இருந்ததில்லை. அதனால் ஐரோப்பாவில் பல நாள் நடக்கும் திருப்பயணப் பாதை ஒன்றைத் தேடியபோது என் முன்னால் இருந்தது ஒரே கேள்விதான்: பிரிந்துபோன சபைகள் எந்தப் பாதையில் உண்மையாகவே முகம் பார்த்துக்கொள்கின்றன?

ஸ்பெயினின் சந்தியாகோ பாதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வழி நெடுகத் தங்குமிடம், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பேச்சுத்துணை. கடைசி 100 கி.மீ. நடந்தாலே சான்றிதழ் உண்டு. முதல் முறை நடப்பவருக்கு அதைவிட வசதியான பாதை இல்லை. ஆனால் அது கத்தோலிக்கப் பாதை. எல்லாச் சபையாரும் நடக்கிறார்கள் என்பது வேறு, பாதையே எல்லாச் சபையாருக்கும் சொந்தம் என்பது வேறு. அதை ஒதுக்கிவிட்டு, நான் நடந்து பார்த்த மூன்றை மட்டும் இங்கே வைக்கிறேன்.

முதலாவது ஜெர்மனியில் இருக்கிறது. போலந்து எல்லையில் உள்ள கெர்லிட்ஸில் தொடங்கி, லைப்சிக், நவும்பர்க், எர்ஃபுர்ட், ஐஸனாக் வழியாக ஃபாகா என்ற சிற்றூர் வரை சுமார் 470 கி.மீ. பழைய வணிகப் பெருவழியான வியா ரேகியாவை ஒட்டிப் போகும் இந்தப் பாதை 2003இல் திறக்கப்பட்டது. பெயரிலேயே 'கிறிஸ்தவ ஒன்றிப்புத் திருப்பயணப் பாதை' என்று இருக்கும். நீலப் பின்னணியில் மஞ்சள் சிப்பி போட்ட அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

பெயரில் மட்டும்தான் ஒன்றிப்பா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. மூன்றாம் நாள் பவுட்ஸன் வந்ததும் அது போய்விட்டது. அங்குள்ள புனித பேதுரு பேராலயத்தை 1524லிருந்து இரு சபையாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கிழக்கே பீடப் பகுதி கத்தோலிக்கருக்கு, மேற்கே மக்கள் அமரும் பெரிய கூடம் லூத்தரன் சபைக்கு, நடுவில் ஒரு தடுப்பு. ஒரே கூரையின் கீழ் இரண்டு பீடம், இரண்டு ஆர்கன். கட்டடமே நேர்கோட்டில் இல்லை. வாசலில் நின்று பார்த்தால் நடுவில் லேசாக வளைந்து போவது தெரியும். ஞாயிறன்று தடுப்புக்கு அந்தப் பக்கம் திருப்பலியும் இந்தப் பக்கம் ஆராதனையும் வெவ்வேறு நேரத்தில் நடந்தன. இரண்டிலும் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தேன். "யார் கோயிலுக்குப் போனே?" என்றார் அம்மா. "உங்க ரெண்டு பேர் கோயிலுக்கும்தாம்மா" என்றதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் போன் அப்பா கைக்குப் போனது.

இந்த ஏற்பாட்டைப் பெரிதுபடுத்திச் சொல்லக்கூடாது. தடுப்பு இன்னும் இருக்கிறது, நற்கருணையும் தனித்தனிதான். ஆனால் நாடே மதச் சண்டையில் எரிந்த காலத்தையும் தாண்டி, ஐந்நூறு வருடமாக ஒரு கட்டடத்தை விட்டுக்கொடுக்காமலும் பறித்துக்கொள்ளாமலும் இரண்டு சபைகள் வைத்திருக்கின்றன. அதை நேரில் பார்க்க வேண்டும்.

பவுட்ஸனைத் தாண்டினால் சோர்பியர் நாடு. ஸ்லாவிய மொழி பேசும் சிறுபான்மையினர். இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். ஊர்ப்பலகைகள் இரு மொழியில், வயல் ஓரங்களில் சிலுவைகள். அங்கே 1248இல் தொடங்கிய மரியன்ஸ்டெர்ன் என்ற சிஸ்டெர்சியன் கன்னியர் மடம் சீர்திருத்தக் காலத்தையும் கடந்து இன்றும் நடக்கிறது. மாலை ஜெபத்தில் நான் பின்வரிசையில் நின்றேன். சகோதரிகள் மாறி மாறிப் பாடிய சங்கீதத்தில் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் எங்கே நிறுத்தி மூச்சு எடுப்பார்கள் என்பது மூன்றாம் சங்கீதத்துக்குள் பிடிபட்டுவிட்டது.

எர்ஃபுர்ட் இதற்கு மறுபக்கம். சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் 1505இல் துறவியாகச் சேர்ந்த அகுஸ்தீனியர் மடம் அங்கே இருக்கிறது. இப்போது அது சீர்திருத்தச் சபையின் கையில். அதே ஊரின் பேராலயத்தில்தான் 1507இல் அவர் குருவானார், அது இன்றும் கத்தோலிக்கப் பேராலயம். 2011 செப்டம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அந்த அகுஸ்தீனியர் மடத்துக்கே வந்து, சீர்திருத்தச் சபையாரோடு சேர்ந்து ஜெபித்தார். இரண்டு இடத்துக்கும் இடையே பொடிநடையாகப் போய்விடலாம். ஐஸனாக்கின் வார்ட்பர்க் கோட்டையிலும் இப்படி இரு பக்கமும் சந்திக்கின்றன. புனித எலிசபெத் வாழ்ந்த கோட்டை அது. 1521இல் லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனுக்கு மொழிபெயர்க்கத் தொடங்கியதும் அங்கேதான்.

இந்தப் பாதையின் இன்னொரு பலம் தங்குமிடம். பெரிய விடுதிகள் குறைவு. பங்கு மனையின் ஓர் அறை, தரையில் மெத்தை, ஒரு மின்கெட்டில், காணிக்கைப் பெட்டி. ஒரு கிராமத்தில் கதவில் சீட்டு ஒட்டியிருந்தது: சாவி எதிர்வீட்டில். பிளம் ஜாம் கிண்டிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மரக்கட்டை கோத்த சாவியைத் தந்தார். எந்தச் சபை என்று கேட்டேன். கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர், ஞானஸ்நானமே பெறவில்லையாம். வழிப்போக்கர் வாசலில் நிற்கக்கூடாது என்றுதான் சாவியை வாங்கி வைத்திருக்கிறாராம்.

குறையும் உண்டு. தார்ச்சாலையில் நடக்கும் தூரம் அதிகம், லைப்சிக்கின் புறநகர் அலுப்பூட்டும். சில நாள் இன்னொரு பயணியின் முகத்தையே பார்க்க மாட்டீர்கள்.

சரி, நார்வே. ஓஸ்லோவிலிருந்து ட்ரோன்ட்ஹைம் நிடாரோஸ் பேராலயம் வரை 643 கி.மீ., குட்பிரான்ஸ்டால் பள்ளத்தாக்கு வழியாக. முழுவதும் நடக்க ஒரு மாதம் பிடிக்கும். நான் நடந்தது டோவ்ரேயிலிருந்து வடக்கே மட்டும். அழகில் ஜெர்மன் பாதை இதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. டோவ்ரே மலைமேட்டில் கஸ்தூரி எருதுகள் மேய்கின்றன, 200 மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். ரிங்கபூவில் 13ஆம் நூற்றாண்டின் மரத்தூண் கோயில் இருக்கிறது. பயிர் செய்யாத திறந்த நிலத்தில், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரம் போடலாம் என்பது அந்நாட்டுச் சட்டம் தரும் உரிமை.

ஒன்றிப்புக்கு வலுவான காரணமும் இதில் உண்டு. நிடாரோஸ் பேராலயம் நார்வே அரசர் ஓலாவின் நினைவிடம். அவர் இறந்தது 1030இல், மேற்குச் சபையும் கிழக்குச் சபையும் பிரிந்த 1054க்கு முன்னால். அதனால் அவர் கத்தோலிக்கருக்கும் ஆர்த்தடாக்ஸ் சபையாருக்கும் புனிதர், அவருடைய பேராலயமோ லூத்தரன் சபையிடம். ஆனால் வழியில் துறவிகள் வாழும் மடம் ஒன்றில்கூட நான் தங்கவில்லை. பூட்டிய கோயில் வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்ற நாள்கள்தான் அதிகம். தனிமையைத் தேடுகிறவருக்கு இது பொருந்தும். எனக்கு அது பத்தவில்லை.

மூன்றாவது சுவீடனின் செலோங்கரில் தொடங்கி அதே ட்ரோன்ட்ஹைமுக்கு வரும் 580 கி.மீ. ஓலாவ் பாதை. இதில் ஸ்டிக்லஸ்தாத் இருக்கிறது, ஓலாவ் வெட்டுப்பட்டு விழுந்த இடம். லூத்தரன் கற்கோயில், கத்தோலிக்கச் சிற்றாலயம், ஆர்த்தடாக்ஸ் சிற்றாலயம் மூன்றும் அங்கே உண்டு. அதைத் தாண்டி முன்கெபியில், 2009இல் பிரான்சிலிருந்து வந்து குடியேறிய சிஸ்டெர்சியன் துறவிகள் பாலாடைக்கட்டி செய்து வாழ்கிறார்கள். நான் நடந்தது இந்தக் கடைசிப் பகுதி மட்டுமே. ஓஸ்லோ பாதையா இதுவா என்றால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

செலவில் ஜெர்மனிக்கும் மற்ற இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நார்வேயில் கடை உணவு பையைக் காலி செய்துவிடும். பருவமும் அப்படித்தான்: டோவ்ரே மேட்டில் ஜூன் வரை பனி கிடக்கும், செப்டம்பர் நடுவில் குளிர் திரும்பிவிடும். ஜெர்மனியில் ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் வரை நடக்கலாம். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு மூன்று நாடும் ஷெங்கன் விசாவுக்குள் அடங்கும்.

ஒரு மாதமும் கூடாரமும் இருந்தால் சுவீடன் பாதை. இரண்டு வாரம் என்றால் என் ஓட்டு கெர்லிட்ஸிலிருந்து நவும்பர்க் வரை. ஒரே வாரம்தான் என்றாலும் விட வேண்டாம், மரியன்ஸ்டெர்னைத் தாண்டி வரும் கமென்ஸ் வரை நடந்துவிட்டு ரயிலில் எர்ஃபுர்ட் போய்விடுங்கள். தங்குமிடத்துக்கு முந்தின நாளே போன் செய்துவிட வேண்டும். அப்புறம், சனிக்கிழமை சாயங்காலம் பவுட்ஸனில் இருப்பதுபோல நாளைக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.