சொந்தப் பாட்டைப் பதிவு செய்ய: வீடா, ஸ்டுடியோவா?

கூட வாசிக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் இரண்டு பாட்டை வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் பதிந்தேன், மூன்றை என் படுக்கையறையில்.

செலவு
வீடு: மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), ஹெட்ஃபோன் சேர்த்து எனக்கு ஏறத்தாழ 25 ஆயிரம் ரூபாய். ஒருமுறைச் செலவு. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.
ஸ்டுடியோ: மணிக்கணக்கில் வாடகை. சரணத்தில் ஒரு வரி இடிக்கிறதே என்று அங்கே உட்கார்ந்து யோசித்தால் மீட்டர் ஓடும்.

ஒலி
வீடு: பிரச்சினை மைக்கில் இல்லை, அறையில். கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் நன்றாகக் கேட்கும். அதனால் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரின் எதிரொலி நேராக அதற்குள் போய்விடும். பிறகு நீக்குவது பெரும்பாடு. அங்கே கனமான போர்வை தொங்கவிட்டதும் எனக்குப் பாதி சரியானது. அப்புறம், மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். மே மாதச் சென்னையில் அப்படிப் பாடிப் பாருங்கள்!
ஸ்டுடியோ: ட்ரம்ஸ் என்றால் இங்கேதான்.

வசதி
வீடு: நள்ளிரவில் மெட்டு தோன்றினால் உடனே பதியலாம். 40 டேக் பாடலாம். அதுவே ஆபத்து, பாட்டு முடியவே முடியாது.
ஸ்டுடியோ: நேரம் போகிற பயத்திலேயே முடிந்துவிடும்.

குரலும் கிட்டாரும் மட்டும், வரிகளையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள் என்றால் வீடு போதும். முழுக் குழுவும் சேர்ந்து வாசிப்பதென்றால் ஸ்டுடியோ. அடுத்த பாட்டுக்கு நான் குரலை வீட்டிலேயே முடித்துவிட்டு, ட்ரம்ஸுக்கு மட்டும் மூன்று மணி நேரம் வாடகைக்கு எடுக்கப்போகிறேன்.