முதல் பேய்க்கதை: குரங்குப் பாதமா, காஞ்சனையா?

பேய்க்கதைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத ஒருவர், பழைய கதை ஒன்றை முதன்முதலாகப் படித்துப் பார்க்கக் கேட்டால் எதைக் கொடுப்பது? என்னைக் கேட்டால் போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-இல் எழுதிய 'குரங்குப் பாதம்'. இன்னொன்று, புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'.

எம். ஆர். ஜேம்ஸின் விசில் கதையையும் ('Oh, Whistle, and I'll Come to You, My Lad', 1904) சிலர் சொல்வார்கள். விடுதி அறையில் ஆளில்லாத இரண்டாவது கட்டில், கசங்கிய துணியாலான முகம்... அந்த இடம் அபாரம்தான். ஆனால் அது வரும்வரை பேராசிரியர் கோல்ஃப் ஆடுவதையும் இடிபாடுகளைக் கிளறுவதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் படிப்பவர் அதற்குள் வாட்ஸ்அப்புக்குப் போயிருப்பார். இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

குரங்குப் பாதத்தின் பலம் அதன் கச்சிதம். இந்தியாவிலிருந்து திரும்பிய பட்டாளத்துக்காரர் கொண்டுவரும் காய்ந்துபோன பாதம், மூன்று வரம். ஒயிட் குடும்பம் முதலில் கேட்பது 200 பவுண்டு. பணம் வந்துவிடுகிறது, இயந்திரத்தில் சிக்கி இறந்த மகனுக்கான ஈட்டுத்தொகையாக. இரண்டாவது வரம், மகன் உயிரோடு வேண்டும் என்று தாயின் பிடிவாதத்தால் கேட்கப்படுவது. அப்புறம் ராத்திரியில் கதவு தட்டும் சத்தம்.

ஜேக்கப்ஸ் பேயைக் கண்ணில் காட்டுவதே இல்லை. அவர் காட்டுவது தாழ்ப்பாளை. கீழ்த்தாழ்ப்பாள் இறுகியிருக்கிறது, மேல்தாழ்ப்பாள் எட்டவில்லை, அம்மா நாற்காலியை இழுத்துப் போடுகிறாள், அப்பா தரையில் தவழ்ந்து பாதத்தைத் தேடுகிறார். தட்டல் நிற்கவில்லை. மரக்கதவு, அதற்கு முன்னால் இரும்புக் கிராதி, அதற்கொரு பூட்டு என்று வாழும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே பொதுநடையில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தாலும் தலை தானாகத் திரும்பும். குறை என்று சொன்னால், கதை முடிந்ததும் பயமும் முடிந்துவிடுகிறது. எல்லா முடிச்சும் அவிழ்ந்தாயிற்று.

காஞ்சனையில் அப்படி எதுவும் அவிழாது. கதைசொல்லி, தன் பிழைப்பைத் தானே நையாண்டி செய்துகொள்ளும் ஓர் எழுத்தாளர். தூக்கம் வராமல் கிடக்கும்போது எங்கிருந்தோ பிணவாடை. கொஞ்ச நேரத்தில் அதுவே நறுமணமாகிறது. பிறகு வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் கால் தரையில் பாவுகிறதா என்று அவர் குனிந்து பார்க்கும்போது நாமும் பார்க்கிறோம். அவள் யார் என்பதற்கு நேரான பதில் கடைசிவரை இல்லை.

இங்கே ஒரு சிக்கல். 1989-இல் ரசல் லீ தொடங்கிய 'உண்மை' சிங்கப்பூர்ப் பேய்க்கதை வரிசையில் வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். இரண்டாம் பக்கத்திலேயே பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய் வந்தாக வேண்டும் அவர்களுக்கு. காஞ்சனை அவர்களைக் கொஞ்சம் எரிச்சல்படுத்தும். படுத்தட்டும்.

ஏனென்றால் வாசனை விஷயத்தில் நம் ஊருக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. சீனர்களின் ஏழாம் மாதத்தில், ஆகஸ்ட் செப்டம்பர் வாக்கில், புளோக்குகளின் கீழே இறந்தவர்களின் ஆவிகளுக்காகக் காகிதப் பணம் எரியும். ஊதுவத்திப் புகை மேல்மாடி ஜன்னல்வரை ஏறும். சாம்பல் துகள் காயப்போட்ட துணியில் ஒட்டும். அந்த ராத்திரியில் காஞ்சனையின் முதல் பக்கங்களைப் படித்தால், மூக்கே கதைக்குச் சாட்சி சொல்லும். ஜேக்கப்ஸுக்கு இந்த வசதி கிடையாது.

ஆகவே என் ஓட்டு காஞ்சனைக்கு. புதுமைப்பித்தன் எழுத்துகள் நாட்டுடைமையானவை, காசு கொடுக்காமல் இணையத்திலேயே படிக்கலாம். பள்ளித் தமிழோடு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் அந்த நடை முதலில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வீட்டில் அத்தையோ தாத்தாவோ வாய்விட்டுப் படித்துக்காட்டினால் நையாண்டி பிடிபட்டுவிடும். அதற்கு ஆளில்லை என்றால் ஜேக்கப்ஸையே கொடுங்கள். அது எந்த மாதத்திலும் வேலை செய்யும்.